பிழையற்ற சிறு வாக்கியங்கள்: அயல்மொழி எழுத்தில் அச்சமும் நம்பிக்கையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரை ஊர் ஒன்றில் வாழும் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்றவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நீரியல் துறையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தார். ‘இத்துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்?’ என்ற வினாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்க அளவில் விடை எழுதிக் கொண்டுவந்திருந்தார். “தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்க மாமா” என்று தாளை நீட்டினார்.

அதில் 14 வாக்கியங்கள் இருந்தன. பிழை ஒன்றுகூட இல்லை. நீர் மனிதனுக்கு இன்றியமையாதது. நீரியல் பயனுள்ள துறை. எனக்கு நீரியல் பிடிக்கும். தங்கள் பல்கலைக்கழகம் புகழ் பெற்றது. இப்படியே கடைசி வரை. எந்த நாட்டு மாணவரும் எந்தத் துறைக்கும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடக் கூடிய பக்கம் அது.

தாளை மூடி வைத்துவிட்டு, “தண்ணீர்ப் படிப்பின் மீது உனக்கு எப்படி ஆசை வந்தது?” என்று தமிழில் கேட்டோம். அரைமணி நேரம் பேசினார். அவருடைய உம்மம்மா விடியற்காலையில் வீட்டுக் கிணற்று நீரை உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்துப் பார்த்து, இன்றைய நீர் சோற்றுக்கு ஆகுமா ஆகாதா என்று அண்டை வீட்டாருக்கும் சொல்லுவாராம். இவர் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அந்தச் சுவைத்தல் நின்றுபோயிற்று. கடல்நீர் உட்புகுந்து கிணறு முழுதும் உப்பாகிவிட்ட பின் சுவைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நின்ற நாள்களில்தான் நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதாம்.

“இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்?” என்றோம்.

“இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதப்போனால் தப்பு வந்துடும் மாமா.”

இந்த ஒரு விடைக்குள் ஒரு பெரிய கல்விச் சிக்கல் அடங்கியிருக்கிறது. ஆங்கிலம் அறியாததால் அவர் எழுதாமல் விடவில்லை. அறிந்த ஆங்கிலத்தையும் பயன்படுத்தத் துணியாமல் விட்டார். பிழை நேராத அளவுக்குத் தம் எண்ணத்தைக் குறுக்கிக்கொண்டார். அயல்மொழியில் எழுதும் மாணவரின் அச்சம் குறித்து அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆராய்ச்சிகளை நோக்கினால், அந்த அச்சத்தின் முதன்மையான விளைவு தவறான எழுத்து அன்று, சுருங்கிய எழுத்து என்பதே நமக்குப் புலப்படுகிறது.

அளவுகோல்கள்

எழுதுவதற்கு அஞ்சுவோர் எக்காலத்தும் இருந்திருப்பர். ஆனால் அவ்வச்சத்தை அளக்க முதன்முதலில் முறையானதொரு கருவியைச் செய்தவர்கள் ஜான் டேலி, மைக்கேல் மில்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள். 1975ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட வினாநிரலில் 26 கூற்றுகள் இருந்தன. தம் எழுத்து மதிப்பிடப்படுவதை அஞ்சுகிறாரா, எழுத்து வேலையைத் தவிர்க்கிறாரா, எழுதுவதில் இன்பம் காண்கிறாரா என்பன போன்றவற்றை மாணவர் ஐந்து படிநிலைகளில் குறிக்க வேண்டும். தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் எழுதும் அமெரிக்க மாணவர்களுக்காக இயற்றப்பட்ட கருவி இது. தாய்மொழியில் எழுதுவோரிடமே இத்தகைய அச்சம் உண்டு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

1986இல் இலேன் ஹார்விட்ஸும் அவருடைய துணையாசிரியர்களும் அயல்மொழி வகுப்பறை அச்சத்திற்கென 33 கூற்றுகள் கொண்ட வேறோர் அளவுகோலை வெளியிட்டனர். மொழி கற்போரின் அச்சம் பொதுவான தேர்வு அச்சத்தின் கிளை அன்று, தனித்தன்மை உடையது என்று அவர்கள் வாதிட்டனர். முதிர்ந்த அறிவுடைய ஒருவர், தம் அறிவை வெளியிடக் குழந்தையின் மொழியளவே தம்மிடம் இருப்பதை உணரும்போது அவருடைய தன்மதிப்பே ஆட்டம் காண்கிறது என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம். அந்த அளவுகோல் பெரும்பாலும் பேச்சையே கருத்தில் கொண்டது. எழுத்து அச்சத்துக்கு அது முழுதும் பொருந்தவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியவர் தைவான் நாட்டு ஆய்வாளர் யுஹ்-ஷோ செங். தைவானில் ஆங்கிலம் உண்மையிலேயே அயல்மொழி. மொழியியலறிஞர் பிரஜ் கச்ரு 1985இல் முன்வைத்த மூன்று வட்டக் கோட்பாட்டில் இந்தியா, இலங்கை போன்ற நாடுகள் வெளி வட்டத்தில் அமைகின்றன. ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் உயர்கல்வியிலும் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் இவை. சீனா, தைவான், ஜப்பான் முதலியன விரியும் வட்டத்தில் உள்ளன. அங்கே ஆங்கிலம் பெரும்பாலும் பாடநூலிலும் தேர்விலும் மட்டுமே வாழ்கிறது. (தமிழ்வழியில் பயின்ற நம் சிற்றூர்ப் பிள்ளைகள் எந்த வட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால், நாடு வெளி வட்டத்தில், பிள்ளை விரியும் வட்டத்தில் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.)

செங் 2004இல் வெளியிட்ட அளவுகோல் 22 கூற்றுகளைக் கொண்டது. அது அச்சத்தை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது. முதலாவது உடல் சார்ந்தது: நெஞ்சு படபடத்தல், கை நடுங்குதல், எழுத அமர்ந்ததும் மனம் வெறுமையாகிவிடுதல். இரண்டாவது எண்ணம் சார்ந்தது: பிறர் என்ன நினைப்பாரோ, மதிப்பெண் குறையுமோ என்னும் கவலை. மூன்றாவது தவிர்த்தல்: எழுத நேரும் இடங்களிலிருந்து இயன்றவரை விலகிக்கொள்ளுதல். இம்மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவன அல்ல. கை நடுங்காமலே ஒருவர் தவிர்க்கலாம். நம் பிள்ளையின் கை நடுங்கவே இல்லை.

அதற்கு ஈராண்டு முன்னதாக, 2002இல், செங் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் கருத்தில் இதைவிடவும் முக்கியமானது. தைவானில் ஆங்கிலத்தையே முதன்மைப் பாடமாகப் பயின்ற பல்கலைக்கழக மாணவர்களை அவர் ஆராய்ந்தார். ஒருவர் ஆங்கிலத்தில் எவ்வளவு நன்றாக எழுதுகிறார் என்பதைக் கொண்டு அவருடைய அச்சத்தைக் கணிப்பதைவிட, தாம் எவ்வளவு நன்றாக எழுதுவதாக அவர் கருதுகிறார் என்பதைக் கொண்டு அதை மேலும் நன்கு கணிக்க முடிந்தது. நன்றாக எழுதக் கூடியவர் தம்மால் இயலாது என்று கருதினால் அஞ்சுவார். மேலும், சீன மொழியில் எழுதுவதற்கான அச்சமும் ஆங்கிலத்தில் எழுதுவதற்கான அச்சமும் தனித்தனியானவை என்றே தோன்றின. தாய்மொழியில் தயக்கமின்றி எழுதுபவர் அயல்மொழியில் உறைந்து நிற்பதும் உண்டு.

பிழை குறைந்தவர் சிறந்தவரா?

அச்சத்தின் விளைவு என்ன என்பதைக் காண நாம் சற்றுப் பின்னோக்கிச் சென்று, அச்சத்தைப் பற்றியே பேசாத ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1974இல் ஜாக்குலின் ஷாக்டர் என்னும் அமெரிக்க மொழியியலாளர், பாரசீகர், அரபியர், சீனர், ஜப்பானியர் ஆகிய நான்கு இனத்து மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை இனத்துக்கு 50 வீதம் எடுத்து, அவற்றில் ஒரேயொரு இலக்கண அமைப்பை மட்டும் எண்ணினார். ‘நான் நேற்று நூலகத்தில் கண்ட மனிதர்’ என்று தமிழில் பெயரெச்சத்தால் சொல்வதை ஆங்கிலம் ‘அந்த மனிதர், எவரை நான் நேற்றுக் கண்டேனோ அவர்’ என்பது போலப் பெயருக்குப் பின்னே ஒரு துணைவாக்கியத்தை இணைத்துச் சொல்கிறது. அந்த இணைப்பு வாக்கியத்தைத்தான் அவர் எண்ணினார்.

பிழைகளை மட்டும் பார்த்தபோது ஜப்பானியர் 5 பிழைகளே செய்திருந்தனர், சீனர் 9. அரபியரோ 31 பிழைகளும், பாரசீகர் 43 பிழைகளும் செய்திருந்தனர். அக்காலத்தில் கோலோச்சிய பிழையாய்வு முறைப்படி, ஜப்பானியருக்கும் சீனருக்கும் இவ்வமைப்பு எளிதாக வந்துவிட்டது, அரபியருக்கும் பாரசீகருக்கும் வரவில்லை என்றே முடிவு கட்டியிருப்பர்.

ஷாக்டர் மொத்த எண்ணிக்கையையும் பார்த்தார். பாரசீகர் அவ்வமைப்பை 174 முறை கையாண்டிருந்தனர். அரபியர் 154 முறை. சீனர் கையாண்டது 76 முறை. ஜப்பானியர் 63 முறை மட்டுமே. ஒப்பீட்டுக்காக எடுக்கப்பட்ட அமெரிக்க மாணவர்களின் எண்ணிக்கை 173. ஆக, தவறு செய்தவர்கள் ஆங்கிலேயரைப் போல எழுத முயன்றவர்கள். தவறு செய்யாதவர்கள் அப்பக்கமே போகாதவர்கள். தங்களுக்கு உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும், ஐயத்துக்கு இடமே இல்லாதபோது மட்டும் அதைக் கையாண்டு மற்ற இடங்களில் சிறு வாக்கியங்களால் ஒப்பேற்றிவிட்டனர்.

காரணம் தாய்மொழிகளின் அமைப்பில் இருக்கிறது என்றார் ஷாக்டர். அரபியிலும் பாரசீகத்திலும் இந்தத் துணைவாக்கியம் ஆங்கிலத்தைப் போலவே பெயருக்குப் பின் வருகிறது. ஆதலால் அவர்கள் துணிந்து இறங்கினர்; இறங்கித் தம் மொழியின் வழக்கையும் உடன் கொண்டுவந்தனர். அரபி இலக்கணம் பயின்ற வாசகர்கள் இஸ்முல் மவ்ஸூலையும் அதன் ஸிலாவையும், ஸிலாவுக்குள் திரும்பி வரும் ஆஇத் என்னும் சுட்டையும் அறிவர். அந்த ஆஇதையே ஆங்கிலத்துக்குள் கொண்டுசென்று, ‘தி மேன் தட் ஐ ஸா ஹிம்’ என்று எழுதிவிடுவது அரபி மாணவரின் இயல்பான பிழை. அது அறியாமையால் விளைந்த பிழை அன்று. ஓர் இலக்கணத்தை நன்கறிந்த மனம் மற்றோர் இலக்கணத்துள் நுழையும்போது விட்டுச் செல்லும் காலடித் தடம். சீனத்திலும் ஜப்பானியத்திலும் துணைவாக்கியம் பெயருக்கு முன்னே வருகிறது. தமிழும் இவ்வகையில் அவற்றோடு சேர்ந்ததே. எனவே ஆங்கில அமைப்பு அவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றியது, ஒதுங்கிக்கொண்டனர்.

இதில் அச்சத்துக்கு என்ன பங்கு? ஷாக்டர் அதைப் பற்றிக் கூறவில்லை. 1977இல் ஹவர்ட் கிளைன்மன் அவ்வினாவை எடுத்துக்கொண்டார். அரபி மொழியினரையும் ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழியினரையும் ஆராய்ந்த அவர், ஓர் இனத்தார் எந்த அமைப்பைத் தவிர்ப்பர் என்பதைத் தாய்மொழி பெருமளவு தீர்மானித்தாலும், அவ்வினத்துக்குள்ளேயே யார் தவிர்ப்பார், யார் துணிவார் என்பதில் மனநிலைக்கும் பங்கு உண்டு என்று கண்டார். இங்கே அச்சம் இருவகைப்படும் என்ற பழைய உளவியல் பாகுபாடு அவருக்குக் கைகொடுத்தது. கைகால்களைக் கட்டிப்போடும் அச்சம் ஒன்று. விழிப்பைக் கூட்டிச் செயலுக்கு உந்தும் அச்சம் மற்றொன்று. இரண்டாம் வகை உடையோர், தம் இனத்தார் பொதுவாகத் தவிர்க்கும் அமைப்புகளையும் கையாள முற்பட்டனர். எனவே எல்லா அச்சத்தையும் ஒழித்துவிட வேண்டும் என்று கூறுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. சிறிதும் பதற்றமின்றி எழுதப்படும் கட்டுரைகள் எப்படி இருக்கும் என்பதைத் திருத்தி அலுத்த ஆசிரியர்கள் அறிவர்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் முறை நடைமுறையில் இருக்கும்வரை, தவிர்ப்பவரே வெல்வார். 5 பிழை செய்தவருக்கு 31 பிழை செய்தவரைவிட மதிப்பு அதிகம். ஒதுங்குதல் இவ்வாறு பரிசளிக்கப்பட்டுப் பழக்கமாகிறது. நம்மைத் தேடி வந்த பிள்ளை ஆங்கிலத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் பெற்றவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சிவப்பு மை

அவர் தம் பள்ளிக்கால ஏடு ஒன்றைப் பின்னர் நமக்குக் காட்டினார். ஆசிரியர் உழைப்பாளி, ஒரு வரியையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தாளும் செங்கோடுகளால் நிறைந்திருந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றரைப் பக்கம் நீண்டிருந்த கட்டுரைகள் இறுதியில் அரைப்பக்கமாகியிருந்தன. செங்கோடுகளும் குறைந்திருந்தன. கடைசிக் கட்டுரையின் கீழே ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதப்பட்டிருந்தது.

திருத்தம் பயன் தருகிறதா என்பது எளிதில் தீராத வழக்கு. 1984இல் ஹாரியட் செம்கே, ஜெர்மன் மொழி பயிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை நான்கு பிரிவுகளாக்கி ஆராய்ந்தார். கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பே ‘சிவப்புப் பேனாவின் விளைவுகள்’ என்பதாகும். ஒரு பிரிவினரின் எழுத்துக்குப் பொருள் குறித்த கருத்துரை மட்டும் வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குத் திருத்தம் மட்டும். ஒரு பிரிவினருக்கு இரண்டும். நான்காம் பிரிவினர் குறியிடப்பட்ட பிழைகளைத் தாமே திருத்த வேண்டும். திருத்தம் பெற்றோரின் எழுத்தில் பிழை குறைந்துவிடவில்லை, சரளமும் கூடவில்லை. தாமே திருத்தக் கட்டாயப்படுத்தப்பட்டோரிடம் மனப்பான்மைகூடக் கசந்திருந்தது.

1985இல் விவியன் ஸமெல் 15 ஆசிரியர்களின் திருத்தங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை மாணவரை விட்டு ஆசிரியரின் பக்கம் விளக்கைத் திருப்பியது. ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் பிழை என்றதை வேறிடத்தில் விட்டுவிடுகிறார்; ‘தெளிவில்லை’, ‘விரித்து எழுது’ என்னும் மூடுமந்திரக் குறிப்புகளை எழுதுகிறார்; சில வேளை மாணவர் சொல்ல வந்ததையே தவறாகப் புரிந்துகொண்டு திருத்துகிறார். எழுத்துப் படியை முடிவுற்ற பொருளாகக் கருதுவதால் நேரும் கோளாறு இது என்பது ஸமெலின் முடிவு.

1996இல் இவ்வாதத்தை எல்லை வரை கொண்டுசென்றவர் ஜான் ட்ரஸ்காட். இலக்கணத் திருத்தம் பயனற்றது மட்டுமன்று, தீங்கானது. ஆகவே கைவிடப்பட வேண்டும் என்றார். அவரும் தைவானில் ஆங்கிலம் கற்பித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1999இல் டானா ஃபெரிஸ் இதனை மறுத்தார். தேர்ந்தெடுத்த பிழைகளைத் தெளிவாகச் சுட்டினால் பயன் உண்டு, மாணவர்களும் அதனை வேண்டுகின்றனர் என்பது அவர் தரப்பு. அதன் பின் வந்த ஆய்வுகள் பல, குறிப்பிட்ட ஓரிரு பிழைகளில் மட்டும் கவனம் குவிக்கும் திருத்தம் பயன் தருவதைக் காட்டியுள்ளன. நாமும் ஃபெரிஸின் பக்கமே சாய்கிறோம். திருத்தமே வேண்டாம் என்று எந்த மாணவரும் நம்மிடம் கூறியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்துவது எதையும் திருத்தாததற்கு ஒப்பாகும் என்பதில் இரு தரப்பாருக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

விதிகளும் இவ்வாறே விலங்காகலாம். 1980இல் மைக் ரோஸ், கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் பத்துப் பேரை ஆராய்ந்தார். இவர்கள் அயல்மொழியினர் அல்லர் என்றாலும் அக்கண்டுபிடிப்பு இங்கும் பொருந்தும். ஐவர் எளிதாக எழுதினர். ஐவர் எழுத முடியாது தவித்தனர். இரு சாராரும் திறமையாளர்களே. தவித்தவர்கள், முதல் வரியே படிப்போரை ஈர்த்தாக வேண்டும் என்பது போன்ற விதிகளை மீற முடியாத சட்டமாகக் கொண்டிருந்தனர். எளிதாக எழுதியோரிடமும் விதிகள் இருந்தன. ஆனால் தேவைப்பட்டபோது தள்ளி வைக்கக் கூடிய விதிகள். நம் நாட்டு ஆங்கில வகுப்புகளிலும் இத்தகைய விதிகள் ஏராளம். ‘ஆனால்’ என்று வாக்கியத்தைத் தொடங்கலாகாது என்பதற்காக ஒரு கருத்தையே கைவிட்டவர்களை நாம் அறிவோம்.

‘நான்’ என்று எழுதுவது

இலக்கணத்துக்கு அப்பாலும் ஓர் அச்சம் உண்டு. 1966இல் ராபர்ட் கப்லான், அயல்நாட்டு மாணவர்களின் கட்டுரைகளைக் கொண்டு, ஒவ்வொரு பண்பாட்டின் சிந்தனைப் போக்கையும் கோட்டுருவமாக வரைந்து காட்டினார். ஆங்கிலத்துக்கு ஒரு நேர்கோடு. அரபி முதலிய செமித்திய மொழிகளுக்கு இணையாக மடங்கி மடங்கிச் செல்லும் கோடுகள். கீழை மொழிகளுக்குச் சுருள். உரைக் கட்டமைப்பு மொழிக்கு மொழி வேறுபடும் என்று சுட்டியதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் எவருடைய கோடு நேராக வரையப்பட்டது என்பதைக் கவனித்தால், எவருடைய மூக்குக்கண்ணாடி வழியாக அது பார்க்கப்பட்டது என்பதும் விளங்கும். இக்கோட்பாடு பின்னர் பலரால் கண்டிக்கப்பட்டது. கப்லானே பிற்காலத்தில் அதன் கடுமையைத் தணித்துக்கொண்டார். எனினும், உன் மொழியின் சிந்தனையே கோணல் என்று சொல்லப்பட்ட மாணவர் எந்த நம்பிக்கையோடு பேனாவைத் திறப்பார்?

சீனாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஃபான் ஷென் 1989இல் எழுதிய கட்டுரை, இதே அனுபவத்தை உள்ளிருந்து விளக்குகிறது. ‘நீ நீயாக இரு, நான் என்று எழுது’ என ஆசிரியர்கள் கூறினர். அவர் வளர்ந்த சூழலிலோ ‘நான்’ என்பது ‘நாம்’ என்பதற்குள் அடங்கியிருக்க வேண்டிய சொல். ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால், ஓர் ஆங்கிலத் தன்னுருவைப் புதிதாகப் புனைந்து அதற்குள் புகுந்துகொள்ள வேண்டியிருந்தது என்கிறார். தம் பழைய உருவைத் துறந்துவிடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டதே அவர் கண்ட வழி. இக்கட்டுரையும் ‘நாம்’ என்றே எழுதப்படுவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் நமக்கும் இதே தொல்லை நேரும்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

‘தன்னம்பிக்கையோடு எழுது’ என்று சொல்வது எளிது. ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய தன்திறன் நம்பிக்கை என்னும் கருத்து, பொதுவான தன்னம்பிக்கையிலிருந்து வேறானது. ஒரு குறிப்பிட்ட செயலை நம்மால் செய்ய முடியும் என்னும் நம்பிக்கை அது. மேடையில் முழங்குபவரிடம் கடிதம் எழுதும் நம்பிக்கை இல்லாதிருக்கலாம். அதற்கு நான்கு ஊற்றுகளைப் பண்டூரா குறிப்பிட்டார்: தாமே செய்து வெற்றி கண்ட அனுபவம், தம்மை ஒத்தவர் செய்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அவ்வேளையில் இருக்கும் நிலை. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவதே. ‘உன்னால் முடியும்’ என்னும் ஊக்கச் சொல்லை அடுத்து வரும் ஒரு தோல்வி துடைத்துவிடும்.

அப்படியாயின், செய்து வெற்றி காணும் வாய்ப்பை மாணவருக்கு ஏற்படுத்திக் கொடுப்பதே வேலை. அளவாகத் திருத்தப்படும் முதல் படி, மதிப்பெண் இடப்படாத எழுத்து, பொருளுக்கு மட்டும் மறுமொழி தரும் ஒரு வாசகர் ஆகியவை அதற்கு உதவுகின்றன. 1973இல் பீட்டர் எல்போ பரவலாக்கிய தடையிலா எழுத்து முறை, பத்து நிமிடங்கள் பேனாவை நிறுத்தாமல், திருத்தாமல் எழுதிக்கொண்டே போகச் சொல்கிறது. எழுதும் மனமும் திருத்தும் மனமும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இரண்டும் கெடும் என்பது அதன் அடிப்படை. ஆனால் ஆங்கிலம் போதாத மாணவருக்கு இது மட்டும் போதாது. சொல் வளமும் வாக்கியப் பயிற்சியும் வாசிப்பும் இல்லாமல் நம்பிக்கையை மட்டும் ஊட்டுவது, நீந்தக் கற்பிக்காமல் ஆற்றில் இறங்கச் சொல்வதாகும்.

தேர்வுக்கூடமோ இதற்கெல்லாம் பொறுத்திருப்பதில்லை. வெளிநாடு செல்வோர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் 60 நிமிடங்களுக்குள் 150 சொற்களுக்குக் குறையாமல் ஒன்றும், 250 சொற்களுக்குக் குறையாமல் ஒன்றுமாக இரண்டு பகுதிகளை எழுதியாக வேண்டும். அங்கே பயிற்சி நிலையங்கள் கற்பிக்கும் மனப்பாடத் தொடர்களைப் பற்றிக்கொள்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அத்தேர்வின் மதிப்பீட்டு அளவைகளிலேயே சொல் வளத்துக்கும் இலக்கண அமைப்புகளின் பரப்புக்கும் தனி இடம் உண்டு. ஒதுங்கிச் செல்பவர் அங்கே தோற்கிறார். பள்ளியில் வென்ற அதே உத்தி!

இயந்திரம் என்று ஐயுறப்படுதல்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் தவிர்த்தலுக்கு ஒரு புதிய வாயில் திறந்தது. எழுத அஞ்சுபவர் எழுதாமலே பிழையற்ற பக்கத்தைப் பெறலாம். அதைக் கண்டுபிடிக்க என்று கூறிக்கொண்டு வேறு மென்பொருள்கள் வந்தன. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு மென்பொருள்களைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபெல் தேர்வுக்கென எழுதிய 91 கட்டுரைகளை உள்ளிட்டபோது, அவற்றைச் சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேல் இயந்திரத்தின் எழுத்து என்று அவை தவறாக முத்திரை குத்தின. 91 கட்டுரைகளில் 89ஐ ஏதேனும் ஒரு மென்பொருளாவது ஐயுற்றது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை அவை ஏறக்குறையச் சரியாகவே இனங்கண்டன.

இதற்குரிய காரணம் நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதில் ஊகிக்கக் கூடிய எழுத்தை இயந்திர எழுத்தாக அம்மென்பொருள்கள் கருதுகின்றன. குறைந்த சொற்களைக் கொண்டு எழுதுவோரின் எழுத்து அத்தகையதாகவே அமைகிறது. இன்னொரு விந்தையும் உண்டு. அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்துத் தாய்மொழியாளரைப் போலச் சொற்களை வளப்படுத்தச் சொன்னபோது, ஐயுறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. நேர்மையாக எழுதியவர் குற்றவாளி; இயந்திரத்தின் உதவியை நாடியவர் நிரபராதி. தப்பு வந்துவிடும் என்று அஞ்சி ஒதுங்கி எழுதியவருக்கு இப்போது ஒதுங்கியதே தப்பாக வந்து நிற்கிறது.

நம் பிள்ளை நம்மிடம் வந்தது இவற்றுக்கெல்லாம் முன்னர். அன்று மாலை அவரிடம் வெறுந்தாள் ஒன்றைக் கொடுத்து, உம்மம்மாவையும் கிணற்றையும் பற்றித் தமிழில் சொன்னதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். அகராதியைத் திறக்கக் கூடாது, வந்த சொல்லில் எழுத வேண்டும் என்றோம். சொல் கிடைக்காத இடத்தில் தமிழிலேயே எழுதிவிட்டு மேலே செல்ல இசைவளித்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு பக்கங்கள். பிழைகளை எண்ணினோம்: 31. ஷாக்டரின் அரபி மாணவர்களின் கணக்கோடு அது ஒத்துப்போனதைக் கண்டு நமக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் காரணம் விளங்கவில்லை, விளக்கிச் சொன்னோம்.

அதன் பின் ஐந்து முறை மாற்றி எழுதினார். முதல் இரு முறை இலக்கணத்தை நாம் தொடவே இல்லை. உப்பு எப்போது ஏறியது, கிணற்றின் ஆழம் என்ன, அண்டை வீட்டார் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டோம். மூன்றாம் முறை வினைச்சொல்லின் காலத்தை மட்டும் பார்த்தோம். நான்காம் முறை, பெயருக்குப் பின் துணைவாக்கியத்தை இணைக்கும் அந்த அமைப்பு தானாகவே இரண்டு இடங்களில் முளைத்திருந்தது. ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் தவறு.

அனுப்பிய இறுதிப் படியில், உம்மம்மா நீரைச் சுவைக்கும் வரியில் ஒரு சிறு பெயர்ச்சுட்டுப் பிழை இருந்தது. நாம் கவனித்தோம். அவரும் கவனித்துவிட்டு, “இது இருக்கட்டுமா மாமா?” என்றார். இருக்கட்டும் என்றோம்.